வேப்பிலைப் படுக்கையில் ஒன்று

கார்த்திகாவுக்கு அம்மை போட்ட ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, படுக்கையில் பரப்பியிருந்த வேப்பிலையைப் புரட்டிப் போடக் குனிந்த மைதிலி அதைப் பார்த்தாள். குழந்தையின் வலது காதுக்கு நான்கு விரற்கடை தள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. சணல் நூல் தடிமன், சுண்டுவிரலைவிட நீளம், மஞ்சளும் செம்மையும் கலந்த நிறம், இரண்டு பக்கமும் எண்ணி மாளாத கால்கள். அவள் மூச்சை இழுத்து விடுவதற்குள் இலைக்கடியில் நுழைந்து மறைந்துவிட்டது.

மைதிலி ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. பல்லியைக் கையாலேயே விரட்டுவாள். கரப்பானைச் செருப்பால் ஒரே அடியில் தீர்த்துவிட்டுப் போய்க் காபி கலப்பாள், நடுவில் கையைக் கழுவிக்கொண்டுதான். ஆனால் பூரான் என்று யாராவது வாயால் சொன்னாலே போதும், கை தன்னால் காதைப் பொத்திக்கொள்ளும். ஆறாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரி ஒருத்தி செய்த உபகாரம் அது. காதில் புகுந்த பூரான் உள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும், குஞ்சுகள் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், ஆளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் மற்ற எல்லாப் பாடத்திலும் ஃபெயில். இந்த ஒரு பாடத்தை மட்டும் இருபது வருஷத்துக்கு நிற்கிற மாதிரி நடத்திவிட்டுப் போய்விட்டாள்.

அடிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. அம்மை போட்ட வீட்டில் எறும்பைக்கூட நசுக்கக் கூடாது. இது மைதிலி பிறந்த துறையூர்ப் பக்கத்திலும் உண்டுதான், ஆனால் இப்போது குடியிருக்கும் கோவில்பதாகையில் வீட்டுக்காரம்மா தாயம்மாள் வைத்திருந்த சட்டம் அதைவிடக் கறார். தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் திறக்கக் கூடாது, பெருக்கக் கூடாது, ஊசி மருந்து பேச்சையே எடுக்கக் கூடாது. ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் விடும் வரைக்கும் குழந்தை வாசற்படி தாண்டக் கூடாது. முதல் நாளே சாமி படத்துக்கு முன்னால் நின்று தாயம்மாள் சொல்லியிருந்தாள்.

"அவ வந்துகிற ஊடு இது. எந்த ரூபத்துல நடமாடுவான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னாத்தப் பாத்தாலும் கைய வைக்காத. நீ குடியிருக்கறவ, நாளைக்கே காலி பண்ணிக்கினு போயிடுவ. கோவம் எறங்கறது என் ஊட்டு மேல."

ஆகவே மைதிலி கையை வைக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மறு மூலையில் ஒரு பழஞ்சேலையில் போட்டுவிட்டு, வேப்பிலைக் கொத்தை ஒவ்வொன்றாக இரண்டு விரல் நுனியால் எடுத்து எடுத்துப் பார்த்தாள். மேலே இருந்த இலைகள் காய்ந்திருந்தன. அடியில் இருந்தவை கறுத்து, ஈரம் கோத்து, மழைக்கால மண் வாடை அடித்தன. பறித்து மூன்று நாள்கூட ஆகாத இலைக்கு இந்த வாடை எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவளுக்கு யோசிக்கிற நிலையில் புத்தி இல்லை. பாய்க்கு அடியில் போட்டிருந்த சாக்கை உதறிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. அது எங்கும் தென்படவில்லை.

கண்ணுக்கு எதிரே இருந்தபோது இருந்த பயம் ஒரு பங்கு என்றால், காணாமல் போன பிறகு வந்தது பத்துப் பங்கு.

"அம்மா." கார்த்திகா முகத்தைச் சுளித்தாள். ஐந்து வயது. முகத்தில் பாதிக் கொப்புளம் காய்ந்திருந்தது, பாதி இன்னும் நீர் கோத்திருந்தது. "காதுக்குள்ள என்னமோ ஊருது."

மைதிலி கையில் இருந்த கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எந்தக் காதுடா?"

குழந்தை வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

உடனே கணவன் பாஸ்கரனுக்குப் போன் போட்டாள். பலனில்லை என்று தெரிந்தேதான் போட்டாள். அவன் வேலை பார்க்கும் ஆவடித் தொழிற்சாலையில் உள்ளே போகிறவர்கள் செல்போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நாலரைக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிறகுதான் எடுப்பார்கள். அவன் போன் அங்கே இருட்டுப் பெட்டிக்குள் பாட்டுப் பாடி முடித்தது. மறுபடி போட்டாள், மறுபடி பாடியது. நான்காவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதே கட் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காதில் பூச்சி புகுந்தால் நல்லெண்ணெயை லேசாகச் சூடு காட்டி இரண்டு சொட்டு விடுவார்கள், பூச்சி மிதந்து வந்துவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் அம்மை போட்ட உடம்பில் எண்ணெய் படக் கூடாது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சமையலறை அலமாரியில் நல்லெண்ணெய்ப் பாட்டில் ஐந்து நாளாக மஞ்சள் துணி சுற்றி உட்கார்ந்திருந்தது. அவள் மூன்று தடவை அதன் முன்னால் போய் நின்றுவிட்டு மூன்று தடவையும் திரும்பி வந்தாள். எண்ணெய் விட்டு அம்மனுக்குக் கோபம் வந்து குழந்தையின் கண்ணைக் கொண்டுபோனால் என்ன செய்வது? விடாமல் இருந்து அது உள்ளே போய்க்கொண்டே இருந்தால் என்ன செய்வது? இரண்டு பயமும் அவளை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு நகர விடவில்லை.

மத்தியானம் இரண்டு மணிவாக்கில் காய்ச்சல் ஏறியது. அம்மையில் முதல் மூன்று நாள் இருந்து, நேற்று முழுக்க விட்டிருந்த காய்ச்சல். மைதிலி தாயம்மாளைக் கூப்பிட்டாள்.

தாயம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம் இப்போது வரிசையாக ஆறு போர்ஷன், அதில் ஒன்றில்தான் மைதிலி குடும்பம் இருந்தது. இரண்டு எருமையும் ஒரு சின்ன அம்மன் கோவில் சாவியும் மட்டும் பழையபடி அவள் கையில் இருந்தன. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலில் ஈரச் சேலை தொங்கியது, கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் அந்த அறை இருட்டுத்தான். அம்மை போட்ட கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதென்று அதுவும் அவள் ஏற்பாடுதான்.

"பாத்தியா, கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்கா. இந்த இடத்துல. காதுகிட்ட."

"பேரச் சொல்லாத."

"சொல்லல."

அம்மை போட்டவள் வேப்பிலையை விட்டுத் தள்ளிக் கிடக்கக் கூடாதென்று தாயம்மாள் சொல்ல, மைதிலி குழந்தையை மறுபடி படுக்கைக்கு அருகில் கொண்டுவந்து, செல்போன் டார்ச்சை வலது காதுக்குள் அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் காட்டினால் வெளியே வந்துவிடும் என்று யாரோ சொன்ன ஞாபகம். உள்ளே மஞ்சளாக ஏதோ ஈரம் மின்னியது. அது உடம்பா, அழுக்கா, இல்லை அதுவேதானா என்று தெரியவில்லை. கார்த்திகா வலியில் தலையை உதற, அவள் கன்னம் வேப்பிலையில் அழுந்தியது. போன் கை தவறிக் கவிழ்ந்தது. அறை இருண்டது.

அந்த இருட்டில் வேப்பிலைக்குள் ஒரு கோடு பச்சையாக எரிந்தது.

எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மின்மினி போல அணைந்து அணைந்து இல்லை. ஒரு விரல் நீளத்துக்கு வளைந்து வளைந்து ஓடிற்று. ஓடின வழியெல்லாம் இலைமேல் பச்சைத் தடம் விட்டுப் போயிற்று. பாயின் ஓரம் போய் இறங்கி மறைந்தது. தடம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் மினுங்கியது. மைதிலி தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்த்தாள். கார்த்திகாவின் வலது காது மடலில், கீழ் விளிம்பிலிருந்து துவாரம் வரைக்கும், அதே பச்சை ஈஷியிருந்தது.

மைதிலி சேலைத் தலைப்பால் அந்தக் காதை அழுத்தித் துடைத்தாள். தலைப்பும் மினுங்கியது.

பின்னால் தாயம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தபோது கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் கொட்டியது.

"தாயே, என் ஊட்ல காட்டினியே. நாப்பது வருசமா வௌக்கு ஏத்தறேன், ஒரு நாளு காட்டல." மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது. "கொழந்த காதுல ஓதினுகீறா. யாரும் நடுவுல நொழையக் கூடாது. அசையாத இரு. நான் போயி கற்பூரம் எடுத்துகினு வரேன்."

கற்பூரம் வந்தது, குங்குமம் வந்தது, அடுத்த போர்ஷன்காரர்கள் வாசலில் வந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே வரத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. மைதிலியும் கும்பிட்டாள். கும்பிடாமல் இருக்க முடியுமா? அவள் கண்ணாலேயே பார்த்தாளே. ஆனால் அம்மனே வந்ததென்றால் குழந்தைக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்கிற கேள்வி கும்பிட்ட கைக்கு நடுவிலேயே நின்றது. சாமியை நம்பவும் பயமாக இருந்தது, நம்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

நாலே முக்காலுக்கு அவள் குழந்தையின் வலது பக்கம் உட்கார்ந்து, "கார்த்தி" என்றாள்.

குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கார்த்திக் குட்டி."

அசைவில்லை. மைதிலி எழுந்து சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து அதே குரலில் கூப்பிட்டாள். கார்த்திகா உடனே திரும்பி, "தண்ணி" என்றாள்.

அதோடு முடிந்தது. சாமி கோபம், வீட்டுக்காரம்மா கோபம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மைதிலி முடிவு செய்யவில்லை. முடிவு செய்கிற அளவுக்கு மனசு நிதானத்தில் இல்லை. கால்தான் எழுந்தது. குழந்தையைப் பழஞ்சேலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தெரு முனையில் ஆட்டோ போட்டிருக்கும் அப்துல் ரசாக்குக்குப் போன் செய்தாள். "அம்மை போட்ட குழந்தைண்ணா, ஏத்துவீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டாள். "எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சும்மா, வந்துகினே கீறேன்" என்றார் அவர்.

ஆட்டோ வாசலில் நின்றபோது தாயம்மாள் கேட்டை மூடிக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"இன்னா பண்ற நீ?"

"காது கேக்கல அவளுக்கு. நகருங்கக்கா."

"ஏழாம் நாளு தண்ணி ஊத்தனா எல்லாம் கேக்கும். அவ ஒக்காந்துகீற கொழந்தய வாசப்படி தாண்ட வெச்சியன்னா திரும்ப இந்த ஊட்டுக்குள்ள கால் வைக்காத. சொல்லிட்டேன்." கோபத்தில் சொன்னது போலத் தெரியவில்லை. "மைதிலி, பயமாகீதுடி. எங்க ஊட்ல ஒருவாட்டி இப்டித்தான் டாக்டராண்ட தூக்கினு ஓடினாங்க. பொணமாத்தான் வந்துச்சு. என் தங்கச்சி."

அது மைதிலிக்குத் தெரியாத சங்கதி. ஒரு நிமிஷம் அவள் படியிலேயே நின்றாள். தோளில் இருந்த குழந்தையின் சூடு ரவிக்கையைத் தாண்டிச் சுட்டது.

அப்போதுதான் பாஸ்கரனின் பைக் வந்து நின்றது. நான்கு தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு ஹெல்மெட் பட்டைகூடப் போடாமல் வந்திருந்தான். என்ன ஏது என்று அவன் கேட்க, இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் என்றாள் ஒருத்தி. காதுக்குள் போய்விட்டது என்றாள் இன்னொருத்தி. பாஸ்கரன் முகம் வெளுத்தது. வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினான்.

"அந்த இலை மரத்துல பறிச்சதில்ல" என்றான்.

"என்னது?"

"குவார்ட்டர்ஸ்ல கரண்ட் கம்பிக்காக வேப்ப மரத்தக் கழிச்சுப் போட்டிருந்தாங்க. தண்ணி டேங்க் வழியற எடத்துல ஒரு வாரமாக் கெடந்துச்சு. ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழி. இந்த வீட்டு வேப்ப மரத்துல ஏறிப் பறிக்க முடியல, கீழ எல்லாக் கிளையும் ஊரே ஒடிச்சிட்டுப் போயிருக்கு. அடியில பச்சையா இருந்ததா அள்ளி மூட்டை கட்டிட்டேன். மண்ணோட வந்திருக்கு." மைதிலியின் கண்ணைப் பார்க்காமலே சொன்னான். "மரத்துல ஏறிப் பறிச்சேன்னு உங்கிட்ட சொன்னது பொய்."

மைதிலி அவனைத் திட்டியிருப்பாள், நேரம் இருந்திருந்தால். தாயம்மாளுக்குத்தான் அது இடியாக இறங்கியது. அம்மனுக்குப் போடும் இலையை மரத்தைக் கும்பிட்டுத்தான் ஒடிக்க வேண்டும், தரையில் படாமல் கொண்டுவர வேண்டும்.

"கீழ கெடந்தத அவளுக்குப் போட்டியா? மிதிபட்டத?" கேட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "அதுக்கா நான் கற்பூரம் காட்டினேன்?"

அவள் விலகிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மைதிலி படி தாண்டி ஆட்டோவில் ஏறினாள்.

ஆவடி போகும் வரைக்கும் ரசாக் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடவில்லை. வழியெல்லாம் மைதிலி குழந்தையின் வலது காதை மேலே பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள், வந்தால் வெளியே வரட்டும் என்று. வரவும் இல்லை. வந்தால் என்ன செய்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மைதிலிக்கு அது முடியவே இல்லை. சுவரில் இருந்த நாள்காட்டியின் எல்லா எண்களையும் இரண்டு தடவை படித்தாள்.

"பூரானெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர்.

"நல்லாப் பாருங்க டாக்டர். பச்சையா ஒட்டியிருந்துச்சு. நானே துடைச்சேன்."

"மண்ணுல இருக்கற சில பூரான், தொந்தரவு பண்ணினா அப்படிப் பச்சையா மினுங்கற நீர விடும். மேல ஊர்ந்திருக்கும். உள்ள போகல. ஆனா உள்ள ஒரு அம்மைக் கொப்புளம் உடைஞ்சு சீழ் பிடிச்சிருக்கு. அந்தச் சீழ் கசியறதுதான் ஊர்ற மாதிரி இருந்திருக்கும்." காதுக்குப் பின்னால் எலும்பை லேசாக அழுத்தினார். கார்த்திகா அலறினாள். "எலும்பு வரைக்கும் வீக்கம் வந்திடுச்சு. எத்தனை நாள் கழிச்சுக் கூட்டிட்டு வர்றதா இருந்தீங்க?"

"ஏழாம் நாள் தண்ணி ஊத்தின பெறகு" என்றாள் மைதிலி.

டாக்டர் அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "ரெண்டு நாள் விட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கும்" என்றார். காது திரும்பக் கேட்குமா என்று பாஸ்கரன் கேட்டதற்கு, வீக்கம் வடியட்டும், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

ஐந்து நாள் டிரிப் ஏறியது. அந்த ஐந்து நாளும் மைதிலி கட்டிலின் வலது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுப் பார்க்க மட்டும் தைரியம் இல்லை. திரும்பாமல் போனால்? அந்தக் கேள்வியோடு இருப்பதே தேவலை என்று இருந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் தாயம்மாள் கேட்டைத் திறந்தே வைத்திருந்தாள். போகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அந்தத் தழய நீயே வாரிப் போட்டுடு, மைதிலி. நான் தொட மாட்டேன், எனக்கு ஆகாது" என்றாள். ஐந்து நாளாக அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தாள்.

மைதிலி முதலில் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். தளதளவென்று கொதித்ததும் கைப்பிடித் துணியோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இன்றைக்கு அம்மை இறங்கிய வீடு. யாரும் தடுக்க முடியாது. ஐந்து நாளும் மனசுக்குள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பாஸ்கரன் கார்த்திகாவைத் தோளில் சாய்த்தபடி அறை வாசலில் நின்றான். குழந்தை இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து, நல்ல காதை அவன் சட்டையில் புதைத்து, தூங்கிக்கொண்டிருந்தது போல் இருந்தது.

மறு கையில் இருந்த துடைப்பக் கட்டையால் பாயைப் புரட்டினாள். பிறகு சாக்கை. குழந்தையின் தலை இருந்த இடத்தில், ஓதம் ஏறிய சுவரும் தரையும் சேரும் பிளவில், அழுகிய வேப்பிலைக்கு நடுவில், அது சுருண்டு கிடந்தது.

அன்றைக்கு அப்படி ஓடியது, இப்போது ஓடவில்லை. துடைப்பக் குச்சியால் தொட்டாள். உடம்பு பச்சையாக மினுங்கியது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. இன்னும் இறுக்கிச் சுருண்டது. அந்தச் சுருளுக்கு நடுவில் கசகசா அளவுக்கு வெள்ளையாக ஒரு குவியல் இருந்தது. மைதிலி உற்றுப் பார்த்தாள். முட்டைகள்.

அவளுக்குப் பயம் போகவில்லை. காது கூசியது, கழுத்து வேர்த்தது. ஊற்றிவிட்டால் ஒரு நொடி வேலை. குச்சியால் மறுபடி தள்ளினாள். அது போனால் போதும், முட்டையை விட்டுவிட்டு எங்காவது ஓடினால் போதும், அப்புறம் ஊற்றிவிடலாம். அது போகவில்லை. ஆவி முகத்தில் அடித்தது.

"போயிடு" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது, குரல் மூச்சளவுகூட இல்லை. "போயேன்."

"யாரைம்மா போகச் சொல்ற?"

மைதிலி திரும்பினாள். கார்த்திகாவின் கண் திறந்திருந்தது. தலை அப்படியே கிடந்தது. இடது காது இன்னும் பாஸ்கரனின் தோளுக்குள்தான் இருந்தது. அவன் குழந்தையை அசைக்காமல், தானும் அசையாமல், மைதிலியைப் பார்த்தான்.

அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். இன்னும் மெதுவாக, தனக்கே கேட்காத அளவுக்கு, "கேட்டுச்சாடா?" என்றாள்.

"கேட்டுச்சே" என்றது குழந்தை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

மைதிலி கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முறத்தை எடுத்துவந்து, பிளவில் இருந்த இலையும் மண்ணும் கலையாமல் அதை அப்படியே ஏந்திக்கொண்டாள். கையை நீட்ட முடிந்த மட்டும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாயம்மாள் வீட்டு வேப்ப மரத்தடிக்கு நடந்தாள்.